ஆடு வந்தது, குடியானவன் போனான்: ஸ்காட்லாந்து மலைநாட்டு வெளியேற்றம், ஓர் எளிய விளக்கம்

போன மாதம் அக்கா மகள் ஒரு இங்கிலீஷ் சரித்திர நாவலை முடித்துவிட்டு, கோபியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். கதை என்ன அம்முணி என்று கேட்டேன்.

"இங்கிலீஷ்காரப் பட்டாளம் வந்து ஊரையே கொளுத்திப் போடுதுங்க மாமா. ஜனம் பூராவும் தப்பிச்சு ஒரு தீவுக்குப் போயிருது. அப்புறம் அந்தத் தீவுல இருந்தும் முடுக்கி உட்டர்றாங்க. பாவம்."

பாவம்தான். ஆனால் அவள் சொன்ன மூன்று வரிக்குள் மூன்று வேறு வேறு சம்பவங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவில் கிட்டத்தட்ட இருநூறு வருசம். அவள் மீது தப்பில்லை. ஸ்காட்லாந்து வெளியேற்றம் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் பேசுகிறார்கள். நாவல் படித்தவர், சினிமா பார்த்தவர், டூர் போய் வந்தவர் எல்லோரிடமும் பட்டாளம், தீ, கப்பல், தீவு என்று நாலு படம் இருக்கும். அந்தப் படங்களைக் கோத்திருக்கும் கயிறு மட்டும் இருக்காது. அந்தக் கயிறு குத்தகை. நம் பக்கத்து ஆளுக்கு அது புரியாத விசயமே இல்லை, ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம்.

பேர் என்ன, இடம் எது

ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் மலையும் பள்ளத்தாக்கும் தீவுகளுமாகக் கிடக்கும் பகுதிக்கு ஹைலேண்ட்ஸ் என்று பேர். நாம் மலைநாடு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஜனம் பேசிய மொழி இங்கிலீஷ் அல்ல, கேலிக். அங்கே சுமார் 1750 முதல் 1860 வரை, குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட பூமியிலிருந்து கூட்டம் கூட்டமாக அகற்றப்பட்டார்கள். இதற்குத்தான் 'கிளியரன்ஸ்' என்று பேர். களத்தைக் கூட்டிச் சுத்தம் செய்வது போன்ற சொல். அகற்றிய காலத்தில் நிலக்காரர்கள் பெரும்பாலும் பயன்படுத்திய வார்த்தை அதைவிட அழகானது: 'மேம்பாடு'. கேலிக் மொழியில் ஒளிவுமறைவில்லாமல் 'கேல் மக்களைத் துரத்தியது' என்று சொல்கிறார்கள்.

சரி, துரத்தியது யார்? இங்கேதான் முதல் குழப்பம். 1746 ஏப்ரலில் கலோடன் என்ற இடத்தில் ஒரு சண்டை. மலைநாட்டுப் படைகளில் ஒரு பகுதி அரசாங்கத்தை எதிர்த்துத் தோற்றது. அதற்குப் பின்னால் வந்த பட்டாளம் ஊர்களைக் கொளுத்தியது நிஜம். ஆனால் அது கலகத்துக்குக் கொடுத்த தண்டனை. கிளியரன்ஸ் என்று சொல்லப்படும் பெரிய வெளியேற்றங்கள் நடந்தது அதற்கு ஐம்பது, அறுபது, நூறு வருசம் கழித்து. செய்தவர்களில் பலரும் அந்த மண்ணின் பழைய தலைவர்களுடைய வாரிசுகளே. சொந்தப் பேரைச் சுமந்த ஜனத்தையே அனுப்பினார்கள்.

காணி மாதிரி ஒரு உரிமை

கொங்கு நாட்டில் கூட்டம், அதாவது குலம், என்றால் விளக்கத் தேவையில்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரு காணி (பரம்பரை உரிமை ஊர்), அங்கே ஒரு காணிக் கோயில். பிழைப்புக்காகத் திருப்பூரிலோ பெங்களூரிலோ இருந்தாலும், எங்கள் காணி இன்ன ஊர் என்று சொல்வோம். அந்த ஊரில் ஒரு செண்டு நிலம் இல்லாதவனும் அப்படித்தான் சொல்வான். மனதில் இருக்கும் பாத்தியதை அது.

மலைநாட்டிலும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று இருந்தது. 'கிளான்' என்ற குலம், அதற்கு ஒரு தலைவர். குலத்துக்காரன் தலைவருக்காகச் சண்டைக்குப் போவான், தலைவர் அவனுக்குப் பூமியில் இடம் கொடுப்பார். பாட்டன் உழுத இடத்தில் பேரன் இருக்கலாம் என்ற அந்த நம்பிக்கைக்கு கேலிக்கில் 'டூஹஸ்' என்று பேர். (நம் கூட்டத்தோடு முழுக்கப் பொருத்திவிட வேண்டாம். கிளானில் ரத்த உறவு இல்லாதவர்களும் ஏராளம், தலைவரின் பேரைத் தன் பேரோடு ஒட்டிக்கொண்டால் போதும். நம்மில் அது நடக்காது.)

சிக்கல் என்னவென்றால், டூஹஸ் எந்தக் காகிதத்திலும் இல்லை. சட்டத்தின் பார்வையில் முழு நிலமும் தலைவரின் சொந்தச் சொத்து. பெரிய துண்டுகளைத் தன் சொந்தக்காரர் சிலருக்குத் தலைவர் குத்தகைக்கு விடுவார், அவர்கள் கீழே உள்ளவர்களுக்கு உள்குத்தகை விடுவார்கள். உழுகிறவனுக்கு வருசா வருசம் வாய்ப்பேச்சு, அவ்வளவுதான். சண்டைக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் ஆள் எண்ணிக்கைதான் தலைவரின் பலம், ஆகவே யாரையும் கிளப்பிவிட மனசு வராது. கலோடனுக்குப் பிறகு தலைவர்களுடைய நீதிமன்ற அதிகாரத்தையும் படை வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது. தலைவர் வெறும் நிலக்காரர் ஆனார். லண்டனிலும் எடின்பரோவிலும் வீடு, விருந்து, வண்டி, அதற்கெல்லாம் கடன். இப்போது அவருக்கு ஆள் வேண்டாம், ரொக்கம் வேண்டும்.

நம் ஊர்க் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன். ஒருவர் நாலு ஏக்கராவைப் பத்து வருசமாகக் குத்தகைக்கு ஓட்டுகிறார். எழுத்து ஒன்றும் கிடையாது. நிலக்காரரின் அப்பா காலத்தில் நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக நின்றவர். ஒருநாள் கோழிப்பண்ணை போடுகிறேன் என்று ஒருவர் வந்து மூணு மடங்கு குத்தகை தருகிறார். நிலக்காரரின் மகன் கோயமுத்தூரில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த சித்திரையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதில் யாரும் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மலைநாட்டில் கோழிப்பண்ணைக்குப் பதில் ஆடு.

இதுவரை வந்தது: பழைய பாத்தியதை மனதில் இருந்தது, காகிதத்தில் இல்லை. தலைவருக்கு ஆள் தேவைப்பட்டவரை அது செல்லுபடி ஆனது. பணம் தேவைப்பட்ட அன்று செல்லவில்லை.

பனிக்காலப் புல்

என் அக்கா மகள் கேட்ட நல்ல கேள்வி: "ஆடு மலை மேல மேயட்டும், ஜனம் பள்ளத்துல இருந்துட்டுப் போகட்டும். எதுக்குங்க முடுக்கோணும்?"

விவரம் தெரியாமல் பலரும் தாண்டிப் போகும் இடம் இது. காங்கேயம் பக்கம் கொறங்காடு வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் விடை கிடைக்கும். கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல் விட்டு, நடுவில் நாலு வெள்வேல மரம் நிற்கிற காடு. மழைக்குப் பிறகு அதில் எத்தனை உருப்படி வேண்டுமானாலும் மேயும். ஆனால் ஒருவர் எத்தனை ஆடு வைத்துக்கொள்ளலாம் என்பதை முடிவு செய்வது ஐப்பசி அல்ல, சித்திரையும் வைகாசியும். கோடையில் எத்தனை வாய்க்குத் தீனி மிஞ்சுமோ அத்தனைதான் பட்டியில் நிற்கும்.

மலைநாட்டில் அந்தக் கழுத்துப்பிடி காலம் பனிக்காலம். கோடையில் மலை முழுக்கப் புல். டிசம்பர் ஜனவரியில் மேலே எல்லாம் பனி மூடிவிடும். அப்போது ஆடு உயிரோடு இருக்கக் காற்று அடிக்காத தாழ்வான பள்ளத்தாக்குப் புல் வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில்தான் ஊர்கள் இருந்தன. அங்கேதான் ஓட்ஸும் பார்லியும் உருளைக்கிழங்கும் விளைந்தன. தெற்கேயிருந்து வந்த செவியட் என்ற வெள்ளை ஆட்டினம் பெரிய உடம்பு, நல்ல ரோமம், நல்ல விலை, ஆனால் பனிக்காலத்தில் பள்ளத்தாக்கு இல்லாமல் பிழைப்பது கஷ்டம். பள்ளத்தாக்கு இல்லாவிட்டால் மலையும் வீண். ஆகவே ஆட்டுப்பண்ணைக்காரர் மலையை மட்டும் கேட்கவில்லை, ஊர் இருக்கும் இடத்தையும் சேர்த்துக் கேட்டார். ஐம்பது குடும்பம் சேர்ந்து கொடுத்த வாடகையைவிட ஒரே ஆள் அதிகம் கொடுத்தார். அந்த ஐம்பது குடும்பம் இருந்த இடத்துக்கு ரெண்டு மூணு மேய்ப்பர்களும் நாய்களும் போதும்.

1792இல் ராஸ்-ஷயர் என்ற பகுதியில் ஜனம் இதைப் புரிந்துகொண்டு ஒரு காரியம் செய்தது. ஊர் ஊராக ஒன்றுசேர்ந்து, புதிதாக வந்த ஆடுகளைப் பூராவும் ஓட்டித் திரட்டி, எல்லைக்கு அப்பால் துரத்தப் பார்த்தது. பட்டாளம் வந்து அடக்கியது. இன்றும் கேலிக்கில் அந்த வருசத்துக்கு 'ஆடுகளின் வருசம்' என்று பேர்.

அதே 1792இல் நம் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் சேலமும் பாரமகாலும் கம்பெனி கைக்கு வந்தன. அவற்றை நிர்வகிக்க வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். இடையில் யாரும் வேண்டாம், உழுகிறவனோடு நேரே கணக்கு என்ற ரயத்துவாரி முறை வளர்ந்தது அந்தப் பாரமகால் அனுபவத்திலிருந்துதான். வரி கொடுமை இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் பட்டா என்ற காகிதம் கொங்குக் குடியானவன் கைக்கு வந்த வழி அது. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இங்கே குடியானவன் பேரை ஏட்டில் எழுதிக்கொண்டிருந்த சமயத்தில், ஸ்காட்லாந்துக் குடியானவனுக்கு அப்படி ஒரு ஏடே இல்லை.

இன்னொரு மன்றோவும் உண்டு. ஹெக்டர் மன்றோ, 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த தளபதி. அவருடைய சொந்த எஸ்டேட்டும் ராஸ்-ஷயரில்தான். அங்கே ஃபைரிஷ் என்ற குன்றின் உச்சியில் நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலைப் போலவே ஒரு கல் கட்டடம் எழுப்பினார். வேலையில்லாத ஊர் ஜனத்துக்குக் கூலி கிடைக்கட்டும் என்று கட்டியதாகச் சொல்கிறார்கள். இன்றும் அது நிற்கிறது. ஆட்டுக் கதைக்குள் நாகப்பட்டினம் வருவது எனக்கு முதலில் நம்பவே முடியவில்லை.

கிளம்பியவர்கள் எங்கே போனார்கள்

உடனே கப்பலேறி அமெரிக்கா போனார்கள் என்பது அடுத்த குழப்பம். முதல் கட்டத்தில் நிறையப் பேர் போன தூரம் பத்து இருபது மைல். பள்ளத்தாக்கிலிருந்து கடற்கரைக்கு. அங்கே ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு நிலம். அந்தத் துண்டுக்கு 'கிராஃப்ட்' என்று பேர், அதை வைத்திருப்பவர் கிராஃப்டர்.

அந்தத் துண்டின் அளவில்தான் சூட்சுமம். ஒரு குடும்பம் அதை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாத அளவுக்குப் பல இடங்களில் வேண்டுமென்றே சின்னதாக வெட்டினார்கள். ஏன் என்றால் நிலக்காரருக்குக் கடற்கரையில் கூலி ஆள் தேவைப்பட்டது. கடற்பாசியை அறுத்து, காய வைத்து, எரித்தால் சாம்பலில் சோடா கிடைக்கும். 'கெல்ப்' என்பது அதுதான். கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய சரக்கு. நெப்போலியன் சண்டையில் வெளிநாட்டுச் சோடா வராமல் போக, விலை ஏறியது. முழங்கால் தண்ணீரில் நின்று பாசி அறுத்தவனுக்குக் கூலி, மீதிப் பெருந்தொகை எஸ்டேட்டுக்கு. கூலியும் வாடகைக்கே திரும்பிப் போனது. 1803இல் பயணிகள் கப்பல் சட்டம் ஒன்று வந்தது. கப்பலில் ஆட்களை அடைத்து ஏற்றக்கூடாது என்ற நல்ல காரணம் சொன்னார்கள். டிக்கெட் விலை ஏறியது, ஏழை கிளம்ப முடியாமல் போனான். கெல்ப் நிலக்காரர்கள் அதை ஆதரித்ததில் ஆச்சரியமில்லை. ஒரு பக்கம் துரத்துகிறார்கள், மறு பக்கம் ஊரைவிட்டுப் போகவும் விடவில்லை. இதை நாவலில் கொண்டுவருவது கஷ்டம், ஆகவே பெரும்பாலும் வராது.

1815இல் சண்டை முடிந்தது. வெளிநாட்டுச் சரக்கு திரும்ப வர, கெல்ப் விலை படிப்படியாக விழுந்தது. கூலி போச்சு, கிராஃப்டில் உருளைக்கிழங்கு ஒன்றுதான் மிச்சம். 1846இல் கிழங்குக்கு நோய் வந்தது. இப்போது அதே நிலக்காரர்களுக்கு ஜனம் சுமை. முன்பு போகாதே என்று தடுத்தவர்கள் இப்போது தாங்களே டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள். கனடா, ஆஸ்திரேலியா என்று கப்பல் கிளம்பியது. 1851இல் பாரா, சவுத் யூயிஸ்ட் தீவுகளிலிருந்து ஜனத்தை ஏற்றி அனுப்பியது இந்த இரண்டாம் கட்டம்.

சுருக்கமாக: முதல் கட்டத்தில் ஆட்டுக்காகக் கரைக்கு நகர்த்தினார்கள். இரண்டாம் கட்டத்தில் கரையிலும் வேலை இல்லை என்றானதும் கடல் தாண்டி அனுப்பினார்கள். ஒரே குடும்பம் இரண்டையும் பார்த்திருக்கலாம்.

கூரையை ஏன் கொளுத்த வேண்டும்

தீ வைத்தது கற்பனை இல்லை. ஆனால் தினசரி வழக்கமும் இல்லை. பெரும்பாலான இடத்தில் வந்தது காகிதம். மே மாதத் தவணைக்கு நாற்பது நாள் முன்பாக, காலி செய் என்ற நோட்டீஸ். பல ஊர்களில் பெண்கள்தான் முன்னால் நின்று நோட்டீஸைப் பிடுங்கி எரித்தார்கள். வாடகையை ஏற்றியே ஆளைத் தானாகக் கிளம்ப வைத்ததும் ஏராளம். அதற்கு ஒரு தீக்குச்சிகூட வேண்டாம்.

கொளுத்திய இடத்தில் காரணம் கூரை மரம். மலைநாட்டில் நல்ல மரம் அரிது. கல்லும் மண்ணும் எங்கேயும் கிடைக்கும், உத்தரமும் கைமரமும் கிடைக்காது. வீடு மாறும்போது குடியானவன் கூரை மரத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போவான். அதைக் கொளுத்திவிட்டால் திரும்பி வந்து அதே சுவரின் மேல் கூரை போட முடியாது. கோபத்தில் வைத்த தீ என்று நாவலில் படிப்போம். பல நேரம் அது கணக்குப் போட்டு வைத்த தீ.

எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. அவருடைய ஊர் பவானிசாகர் அணைக்குள் போன ஊர்களில் ஒன்று. 1948இல் வேலை தொடங்கி 1955இல் முடிந்த அணை. காலி செய்தபோது அவர்கள் வண்டியில் முதலில் ஏற்றியது தானியமோ பாத்திரமோ இல்லை, வாசல் நிலையும் கதவும். அந்த நிலை இப்போது எங்கள் பின்கட்டில் இருக்கிறது. புது வீட்டு வாசல் அகலத்துக்குச் சேராமல், மேல்கட்டையில் ரெண்டு விரக்கடை இழைத்துக் குறைத்திருக்கிறார்கள். இழைத்த இடத்தில் பாதிப் பூ அறுந்து நிற்கும். அமுச்சி தீபாவளிக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது அந்தப் பாதிப் பூவில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்பார். அணையில் தண்ணீர் வற்றும் வருசங்களில் டணாய்க்கன் கோட்டைக் கோயில் வெளியே தெரியும். ஊரே பார்க்கப் போகும். அவர் ஒருமுறைகூட வரவில்லை.

அவரிடம் நான் கேட்ட ஒன்று: உங்கள் பண்ணையத்தில் இருந்த குடும்பம் எங்கே போனது? "தெரியலையே கண்ணு," என்றார். அப்புறம் பேச்சை மாற்றிவிட்டார். பட்டா இருந்தவர்களுக்குக் காணி பெரிதாகத் தெரிகிறது, பட்டா இல்லாதவன் கணக்கிலேயே வருவதில்லை. 1894ஆம் வருசத்து நில எடுப்புச் சட்டம் நிலத்துக்குத்தான் விலை போட்டது. அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்துப் பிழைத்தவனையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சட்டம் எழுதியது 2013இல்தான்.

சரி, திரும்ப மலைநாட்டுக்கு வருவோம். அங்கே நடந்த வெளியேற்றங்களில் அதிகம் பேசப்படுவது வடகோடியில் இருக்கும் சதர்லாந்து என்ற பகுதிதான். சதர்லாந்து சீமாட்டியும் அவர் கணவரும் பிரிட்டனின் பெரும் பணக்காரர்கள். 1807க்கும் 1821க்கும் இடையில் அவர்கள் எஸ்டேட்டின் உள்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கரைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே பேட்ரிக் செல்லர் என்ற 'ஃபேக்டர்' இருந்தார். ஃபேக்டர் என்றால் எஸ்டேட் காரியக்காரர். வாடகை வசூல், நோட்டீஸ், காலி செய்ய வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் அவர் ஆட்கள் கொளுத்திய வீட்டிலிருந்து ஒரு படுக்கைக் கிழவியைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். சில நாளில் அவர் இறந்துபோனார். செல்லர் மீது வழக்கு நடந்தது, 1816இல் விடுதலை ஆனார். கதையில் எல்லோரும் கிழவியையும் தீயையும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: காலி செய்த நிலத்தை ஆட்டுப்பண்ணைக்குக் குத்தகை எடுத்தவரும் அதே செல்லர்தான். நோட்டீஸ் கொடுத்த கையும் குத்தகை எடுத்த கையும் ஒன்று.

தீவு என்றால் வேறு கணக்கு

நாவல்களில் தீவு ஒரு புகலிடம் மாதிரி வரும். துரத்தப்பட்டவர்கள் போய் ஒளிந்துகொள்ளும் இடம். உண்மையில் தீவுக்கும் நிலக்காரர் உண்டு, வாடகை உண்டு, வெளியேற்றமும் உண்டு. 1826இல் ரம் என்ற தீவிலிருந்து சுமார் 300 பேரை நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலில் அனுப்பிவிட்டு ஆடுகளை இறக்கினார்கள்.

ஆனால் எல்லோருக்கும் தெரிந்த தீவு செயின்ட் கில்டா. இதைக் கிளியரன்ஸ் என்று சொல்வதுதான் பெரிய தப்பு. மற்ற மேற்குத் தீவுகளிலிருந்தும் இன்னும் சுமார் 65 கிலோமீட்டர் மேற்கே, அட்லாண்டிக் நடுவில். கடற்பறவைகளைப் பாறையில் கயிறு கட்டி இறங்கிப் பிடித்துத் தின்று பிழைத்த ஜனம். வாடகையைப் பணமாக இல்லாமல் இறகாகவும் பறவை எண்ணெயாகவும் நெய்த கம்பளித் துணியாகவும் கொடுத்தார்கள். காலையில் ஆண்கள் வீதியில் கூடி இன்று என்ன வேலை என்று பேசி முடிவு செய்வார்கள். நம் ஊர் மரத்தடி மாதிரி. உதவி கேட்க வேண்டுமானால் ஒரு மரக்கட்டையைக் குடைந்து, கடிதத்தை உள்ளே வைத்து, ஊதிய ஆட்டுச் சவ்வை மிதவையாகக் கட்டிக் கடலில் விட வேண்டும். காற்று கருணை வைத்தால் கரை சேரும்.

தூரம் என்றால் கிலோமீட்டர் மட்டும் இல்லை. பவானிசாகரைத் தாண்டி தெங்குமரஹாடா போனவர்களுக்கு இது தெரியும். மாயாற்றில் தண்ணீர் வந்தால் பரிசல் நிற்கும், ஊர் அன்றைக்குத் தீவுதான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, எதிர்க்கரையில் கைகாட்டுகிற ஆளைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். செயின்ட் கில்டாவில் அந்த மூன்று மணி நேரம் சில சமயம் மாதக்கணக்கு.

பிறந்த குழந்தைகள் ஜன்னி கண்டு இறந்தன. 1852இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள், வழியிலேயே பலர் இறந்தார்கள். முதல் உலகப்போரில் கடற்படை முகாம் ஒன்று வந்தது. வெளியுலகம் எப்படி இருக்கும் என்று இளவட்டங்கள் பார்த்துவிட்டார்கள், பிறகு நிற்கவில்லை. உழைக்கத் தெம்புள்ள ஆட்கள் குறைந்தால் பாறையில் யார் இறங்குவது? 1930 மே மாதம் மிச்சம் இருந்தவர்கள் அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள்: எங்களை இங்கிருந்து அழைத்துக்கொண்டு போங்கள். ஆகஸ்ட் 29ஆம் தேதி 36 பேரும் ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பலில் ஏறினார்கள். வீட்டுக்கு வீடு ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸ் குவித்துவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். நாய்களைக் கூட்டிப்போக வழியில்லாமல் கடலில் மூழ்கடித்தார்கள்.

கேட்டுப் போனார்கள், துரத்தப்படவில்லை. அதற்காகச் சந்தோசமாகப் போனார்கள் என்று அர்த்தமா? இந்த நடுவாந்திரத்தை 'வெளியேற்றம்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது. தெங்குமரஹாடாவிலும் இப்போது அந்த நடுவாந்திரம்தான். 1948இல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கமாகத் தொடங்கிய ஊர், அரசு குத்தகைக்கு விட்ட நிலம், சுற்றிலும் புலிக்காடு. பணம் கொடுத்தால் இடம் மாறுகிறோம் என்கிறவரும், இங்கேயே இருக்கிறோம் என்கிறவரும் ஒரே வீதியில் இருக்கிறார்கள். அங்கேயும் பட்டா இல்லை என்பதைக் கவனியுங்கள்.

செயின்ட் கில்டாவில் அப்புறம் என்ன ஆனது? 1932இல் பக்கத்துக் குட்டித் தீவு சோயேயிலிருந்து 107 ஆடுகளைக் கொண்டுவந்து, காலியான பெரிய தீவில் விட்டார்கள். இன்றும் அவை அங்கே தானாக மேய்ந்து தானாகப் பெருகுகின்றன.

நாவல் எங்கே வளைக்கும்

சரித்திர நாவலைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வாடகைப் புத்தகத்தில் கிழவியின் இருமல் கேட்காது, நாவலில் கேட்கும். ஆனால் நாவலுக்கு ஒரு குடும்பமும் ஒரு வில்லனும் ஒரு தீயும் தேவை. ஆகவே 1746, 1814, 1930 எல்லாம் ஒரே பாட்டியின் ஆயுளுக்குள் வந்துவிடும். கேலிக் பேசிய ஜனம் அழகான இங்கிலீஷில் பேசும். ஃபேக்டர் மட்டும் கெட்டவனாகி, லண்டனில் கையெழுத்துப் போட்டவர் கதைக்கு வெளியே நின்றுவிடுவார்.

தடுமாறாமல் படிக்க ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: நிலம் யார் பேரில்? அது தெரிந்தால் யாருக்குக் கிளப்பிவிட அதிகாரம், யாருக்கு இல்லை என்பது தானே வரும். நாவலின் வருசமும் ஏறக்குறைய பிடிபடும். 1886க்குப் பிறகு நடக்கிற கதையில் கிராஃப்டரைச் சும்மா கிளப்பிவிட்டால், ஆசிரியர் சரியாகப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கை தீவில் குடியானவர்கள் போலீசோடு மோதிய பிறகு, 1883இல் நேப்பியர் கமிஷன் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி கேட்டது. 1886இல் கிராஃப்டர் சட்டம் வந்தது. வாடகை கட்டும் வரை கிளப்ப முடியாது, நியாய வாடகை, பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று எழுத்தில் வந்தது. நமக்கு 1955இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் மூத்த அண்ணன் மாதிரி. அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் நம் பக்கம் இன்றும் பலர் குத்தகையை எழுத்தில் போடுவதில்லை என்பது வேறு கதை.

க்ராய்க் என்ற ஊரில் ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. 1845 மே மாதம் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து கிளப்பிவிடப்பட்ட சுமார் 80 பேர் அதன் முற்றத்துக் கல்லறைகளுக்கு நடுவில், துணியை இழுத்துக் கட்டி இருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி சின்னச் சின்ன வைரக்கட்டம் போட்டது. வெளியே நின்றபடி யாரோ ஒருவர் அந்தக் கட்டங்களில் கீறி எழுதியிருக்கிறார்: கிளென்கால்வி ஜனம் இங்கே முற்றத்தில் இருந்தது என்று, தேதியோடு. அவர்கள் பேசியது கேலிக், எழுதியது இங்கிலீஷில். இன்னொரு கட்டத்தில் 'பொல்லாத தலைமுறை' என்று தங்களையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாடகை பாக்கி வைத்தவர்கள்கூட இல்லை, கடவுள் தண்டிக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள்.

இதை அக்கா மகளிடம் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து அதே நாவலை மறுபடி எடுத்துக்கொண்டு வந்தாள். பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டிருந்தாள்.

"மாமா, நானூறு பக்கத்துல மழை எப்படி பேயும், அவிங்க என்ன திம்பாங்கன்னு எல்லாஞ் சொல்றாங்க. வாடகை எவ்வளவுன்னு மட்டும் எங்கியுமே காணமுங்க."